மேரி டேப்பின் முறையீட்டு மடல் – ஒரு நோக்கு

தமிழில் மடல் இலக்கியம் என்றவுடன் டாக்டர் மு. வரதராசனாரின் ‘அன்னைக்கு’, ‘தம்பிக்கு’, ‘தங்கைக்கு’, ‘நண்பர்க்கு’ ஆகிய நூல்கள் நினைவுக்கு வரும். அறிஞர் அண்ணா தம்பியர்க்கு எழுதிய மடல்களும், பண்டித நேரு தம் பத்து வயது மகளுக்கு 1928ஆம் ஆண்டில் எழுதிய மடல்களும் அவற்றோடு சேர்த்து எண்ணப்படும். இவை யாவும் அன்புடையார்க்கு எழுதப்பட்டவை. பெறுவோர் ஆவலோடு பிரிப்பர் என்னும் உறுதி எழுதுவோர்க்கு இருந்தது. அந்த உறுதியே நடைக்கு நெகிழ்ச்சியையும் ஓட்டத்தையும் தந்தது.

பிரிக்கவே விரும்பாதவர்க்கு எழுதப்படும் மடல் வேறொரு வகை. அலுவலகத்திற்கும் வாரியத்திற்கும் அதிகாரிக்கும் செல்லும் முறையீடு அது. அனுப்புநர், பெறுநர், பொருள், பணிவான வணக்கம் என்று அதன் உறுப்புகள் வகுப்பறையில் கற்பிக்கப்படுகின்றன. உறுப்புகள் சரியாக அமைந்தால் மதிப்பெண்ணும் கிடைக்கிறது. ஆயினும் அதனை இலக்கியமாகக் கொண்டு ஆராய்வார் அரியர். தேவைக்காக எழுதப்பட்டுத் தேவை தீர்ந்ததும் கோப்பினுள் மறைந்துபோகும் எழுத்து என்பதே அதனைப் பற்றிய பொதுவான கருத்து. அக்கருத்தை மறுபடியும் எண்ணிப் பார்க்கச் செய்யும் மடல் ஒன்று உண்டு. 1885ஆம் ஆண்டு ஏப்ரல் 8ஆம் நாள், அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் குடியேறி வாழ்ந்த சீனப் பெண்மணி ஒருவர் அந்நகரக் கல்வி வாரியத்திற்கு எழுதியது அது. அச்சில் ஒரு பத்தியளவே வரும். அதனை எழுதியவர் மேரி டேப்.

மடலின் சுவையை உணர அதன் பின்புலம் வேண்டும். மேரி 1868ஆம் ஆண்டில், பதினொரு வயதில், சீனாவிலிருந்து கலிபோர்னியாவுக்கு வந்தவர். ஆதரவற்ற பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அடைக்கலம் தந்த இல்லம் ஒன்றில் வெள்ளைக்காரப் பெண்டிரின் பராமரிப்பில் வளர்ந்தார். ஆங்கிலமே அவருக்குப் பழகிய மொழியாயிற்று. கணவர் ஜோசப் டேப்பும் சீனாவின் குவாங்டோங் மாநிலத்திலிருந்து இளமையில் வந்து சேர்ந்தவரே. ஜியூ டிப் என்பது அவருடைய இயற்பெயர். பால் வண்டி ஓட்டியவர், பின்னர்ச் சரக்கு வண்டித் தொழில் நடத்தி வசதியாக வாழ்ந்தார். 1875ஆம் ஆண்டில் திருமணம். மறு ஆண்டில் மூத்த மகள் மேமி பிறந்தாள். சீனர் குடியிருப்பிலிருந்து விலகி, வெள்ளையர் வாழும் பகுதியில் அவர்கள் வீடு இருந்தது. மேமியின் விளையாட்டுத் தோழர்களும் வெள்ளைப் பிள்ளைகளே.

1884ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் வீட்டுக்கு அருகிலிருந்த ஸ்பிரிங் வேலி தொடக்கப் பள்ளிக்கு எட்டு வயது மேமியைப் பெற்றோர் அழைத்துச் சென்றனர். தலைமையாசிரியை ஜென்னி ஹர்லி சேர்த்துக்கொள்ள மறுத்தார். மறுப்புக்குப் பின்னால் நகரக் கல்விக் கண்காணிப்பாளர் ஆண்ட்ரூ மோல்டர் இருந்தார். கல்வி வாரியமும் இருந்தது. சீனப் பிள்ளையைச் சேர்க்கும் தலைமையாசிரியர் வேலையிழப்பார் என்று வாரியம் தீர்மானமே இயற்றியது.

இது திடீரென்று முளைத்த பகை அன்று. சீனப் பிள்ளைகளுக்கென்று நகரம் நடத்தி வந்த ஒரே பொதுப் பள்ளியும் 1871ஆம் ஆண்டில் மூடப்பட்டுவிட்டது. சீனர் வரி செலுத்தினர். அவ்வரியால் நடந்த பள்ளிகளில் அவர்தம் பிள்ளைகளுக்கு இடமில்லை. 1878ஆம் ஆண்டில் சீன வணிகரும் பிறருமாக ஆயிரத்துக்கு மேற்பட்டோர் கையொப்பமிட்டு மாநிலச் சட்டமன்றத்திற்கு விண்ணப்பம் செய்தனர். அது செவியேறவில்லை. 1880ஆம் ஆண்டில் மாநிலக் கல்விச் சட்டம் திருத்தப்பட்டு, பள்ளிகள் எல்லாப் பிள்ளைகளுக்கும் உரியவை என்னும் பொருள்பட எழுதப்பட்டது. எழுதியவர்கள் சீனரை மனத்தில் கொண்டு எழுதவில்லை. எனினும் சட்டம் சொன்னது சொன்னதுதான். 1882ஆம் ஆண்டில் சீனத் தொழிலாளர் குடியேறுவதைத் தடுக்கும் சட்டம் நாடு முழுமைக்கும் வந்தது. இத்தகைய காற்று வீசிய நாளில்தான் டேப் குடும்பம் வழக்குமன்றப் படியேறிற்று.

1885ஆம் ஆண்டு சனவரியில் நீதிபதி மக்குவயர் மேமியின் பக்கம் தீர்ப்பளித்தார். சீனரிடம் பள்ளிக்கு வரி வாங்கிக்கொண்டு, அங்கே பிறந்த பிள்ளையை அப்பள்ளியிலிருந்து விலக்குவது முறையன்று என்பது அவர் கருத்து. மார்ச் 3ஆம் நாள் மாநில உச்ச நீதிமன்றமும் அத்தீர்ப்பை உறுதி செய்தது. வழக்கு வென்றது. ஆனால் மோல்டர் வாளாவிருக்கவில்லை. அவருடைய தூண்டுதலால் சட்டமன்றத்தில் விரைந்து ஒரு மசோதா வந்தது, சட்டமும் ஆயிற்று. சீன மரபினர்க்கென்று தனிப்பள்ளி அமைக்கலாம். அமைத்துவிட்டால் பிற பள்ளிகளில் அவர்களைச் சேர்க்கலாகாது என்பது அதன் சாரம்.

இங்கே ஓர் இடைவெளி உண்டு. தனிப்பள்ளி திறக்கப்படும் வரையில் மேமியைச் சேர்த்தே ஆகவேண்டும். அந்தச் சில நாள்களைக் கடத்துவதற்கு வாரியத்திற்குச் சாக்குகள் தேவைப்பட்டன. ஏப்ரல் தொடக்கத்தில் பெற்றோர் மகளை மீண்டும் அழைத்துச் சென்றபோது, அம்மை குத்திய சான்றிதழ் இல்லை என்றும் வகுப்பில் இடமில்லை என்றும் கூறப்பட்டது. வீடு திரும்பிய தாய் எடுத்தது பேனாவை.

மடல், முகமன் உரையோடு காலங்கடத்தாமல் தொடங்குகிறது. தம் பிள்ளையைப் பள்ளிக்கு வெளியே நிறுத்துவதற்கு நீங்கள் எல்லாவகைச் சாக்குகளையும் சொல்லப்போகிறீர்கள் என்பது தெரிகிறது என்று முதல் வாக்கியத்திலேயே கூறிவிடுகிறார். சினத்தில் கொட்டிய சொல்லாக இது முதலில் தோன்றும். மேற்சொன்ன சட்ட இடைவெளியை நினைவில் கொண்டு படித்தால், நிலைமையை அணுவும் பிசகாமல் அளந்து சொன்ன சொல் என்பது புலப்படும். வழக்கறிஞர் ஒரு பக்கத்தில் விளக்கியிருக்கக்கூடியதைத் தாய் ஒரு வரியில் சொல்லிவிட்டார்.

அடுத்து வினாக்கள். சீனராய்ப் பிறந்தது இழிவா? எல்லாரையும் படைத்தவர் இறைவன் அல்லரா? என் பிள்ளைகளைத் தடுக்க உங்களுக்கு என்ன உரிமை? வாரியத்தினர் ஞாயிறுதோறும் கோயிலுக்குச் செல்பவர்களாகத்தான் இருக்க வேண்டும் என்று ஒரு குத்தல். சின்னஞ்சிறு பிள்ளைகளை, அவர்களை ஒதுக்குவதற்கென்றே அமைத்த தொலைவான பள்ளிக்கு நடக்கவைப்பது கிறித்தவச் செயல்தானா என்று அதனைத் தொடர்ந்து ஒரு வினா. வினாவுக்குப் பின் வினாவாக அடுக்கப்பட்டவை விடையை வேண்டி நிற்பன அல்ல. தமிழ் இலக்கணத்தார் வினாவை அறியாமை, ஐயம், அறிதல், கொளல், கொடை, ஏவல் என்று அறுவகையாகப் பகுப்பர். மேரி டேப்பின் வினாக்களை இவற்றுள் ‘அறிவினா’ என்று சொல்லலாம். விடையை நன்கறிந்த ஆசிரியர் மாணவனிடம் கேட்கும் வினா அது. கல்வி வாரியத்தின் முன் நிற்கும் பெண், வாரியத்தையே மாணவன் இருக்கையில் அமர்த்திவிடுகிறார்.

நடுப்பகுதியில் நடை மாறுகிறது. வினா குறைந்து வாதம் மிகுகிறது. இங்கேதான் திறனாய்வாளர் நின்று பார்க்க வேண்டும். மடலின் இறுதியில் எழும் சீற்றத்தை மட்டும் தனியே எடுத்துப் போற்றுவது எளிது; மேடையில் படித்தால் கைதட்டலும் கிடைக்கும். நடுப்பகுதியோ சிக்கலானது, ஓரளவு நெருடலானதுங்கூட. தம் பிள்ளைகள் மற்றைச் சீனரைப் போல் உடுத்துவதில்லை என்கிறார் மேரி. சீன உடை உடுத்தவர் வெள்ளையரிடையே எப்படி வேடிக்கையாகத் தோன்றுவரோ, அப்படியே தம் பிள்ளைகள் சீனரிடையே வேடிக்கையாகத் தோன்றுவர் என்கிறார். நடை பழகிய நாள் முதல் மேமியின் தோழர்கள் வெள்ளைப் பிள்ளைகளே. கூடி விளையாடத் தக்கவள் கூடிப் படிக்கத் தகாதவளா என்று கேட்கிறார். வேண்டுமானால் வந்து பாருங்கள், முகச்சாயல் நீங்கலாக டேப் குடும்பம் எவ்வகையில் வேறுபட்டது என்று அழைக்கிறார்.

கூடி விளையாடுதல், கூடிப் படித்தல் என்னும் இணைப்பு அழகானது, மறுக்கவியலாதது. ஆனால் உடையைப் பற்றிய வாதம் அத்தகையது அன்று. எங்கள் வீடு உங்கள் வீட்டைப் போன்றது, ஆகையால் எங்களுக்கு உரிமை உண்டு என்று ஒருவர் சொல்லும்போது, அப்படி வாழாத வீட்டுப் பிள்ளையின் உரிமை என்ன ஆகும் என்னும் வினா உடனே எழுகிறது. சலவைத் தொழிலாளியின் மகன், சீனக் குடியிருப்பின் குறுகிய சந்தில் பின்னல் சடையும் நீண்ட அங்கியுமாக நிற்கும் சிறுவன் ஆகியோருக்காக இம்மடலின் நடுப்பகுதி வாதாடவில்லை. அவர்களைச் சற்று அப்பால் நிற்கச் சொல்லிவிட்டே வாதாடுகிறது. 1878ஆம் ஆண்டு விண்ணப்பம் ஆயிரம் பேரின் பெயரால் எழுந்தது. எல்லாப் பிள்ளைகளுக்காகவும் கேட்டது. 1885ஆம் ஆண்டு மடல் தனியொரு தாயின் பெயரால் எழுந்தது. தன் பிள்ளைக்காகக் கேட்டது. சமூகப் போராட்டம் என்ற அளவுகோலால் அளப்போர் முன்னதையே உயர்ந்தது என்பர். அதில் நியாயம் உண்டு. இக்குடும்பத்தின் வரலாற்றை விரிவாக ஆராய்ந்து 2010ஆம் ஆண்டில் நூல் வெளியிட்ட பேராசிரியை மே ஙாய், டேப் குடும்பத்தார் குடியேறிய சீனர்க்கும் வெள்ளையர்க்கும் இடையில் நின்று வாழ்வு நடத்திய இடைநிலை வகுப்பினர் என்பதை எடுத்துக்காட்டியுள்ளார். மடலின் நெருடலான வரிகள் அந்த இடைநிலையிலிருந்து பிறந்தவை.

ஆயினும் இதனோடு தீர்ப்பை எழுதி முடித்துவிட்டால், மடலில் நிகழும் முதன்மையான நிகழ்ச்சியைக் காணத் தவறியவராவோம். வந்து பாருங்கள் என்று அழைத்த வரிக்கு அடுத்த வரியிலேயே மேரி டேப் தம் வாதத்தைத் தாமே உடைக்கிறார். சீனர் ஒருவர் எப்படி வாழ்ந்தாலும் எப்படி உடுத்தாலும் பயனில்லை போலும். சீனர் என்று தெரிந்த அளவில் வெறுக்கப்படுகின்றனர். அவர்க்கு உரிமையும் இல்லை, நீதியும் இல்லை என்று எழுதுகிறார். உடையும் பழக்கமும் ஒத்திருந்தால் போதும் என்று ஒரு பத்தி முழுதும் வாதாடிய பேனா, அது போதாது என்பதை எழுதிக்கொண்டிருக்கும்போதே கண்டுகொள்கிறது. ‘என் பிள்ளை’ என்று தொடங்கியவர், ‘சீனர்’ என்னும் பன்மைக்கு வந்து சேர்கிறார். அப்பால் நிற்க வைக்கப்பட்டிருந்த சலவைத் தொழிலாளியின் மகன் இந்த ஒரு வரியில் உள்ளே வந்துவிடுகிறான்.

முன்கூட்டித் திட்டமிட்டு எழுதப்படும் மனுவில் இது நேராது. திட்டமிட்டு எழுதுவோர் முரண்பட்ட முதல் வாதத்தை அடித்துவிட்டுப் படியெடுத்திருப்பர். மேரி டேப் அடிக்கவில்லை. முதலில் நம்பியதும் பின்னர் உணர்ந்ததும் ஒரே தாளில் அடுத்தடுத்து நிற்கின்றன. மனித மனம் ஓர் உண்மையை வந்தடையும் வழி அவ்வாறே படியும் எழுத்தை இலக்கியம் என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது? முழுமையாக வந்துசேர்ந்துவிட்டார் என்றும் சொல்வதற்கில்லை. மடலின் கடைசி வரிகளில், தன் மகள் உடையில் உங்களைப் போன்றவளே என்னும் பழைய வாதம் மீண்டும் ஒருமுறை தலைகாட்டுகிறது. கண்டுகொண்ட உண்மையைப் பற்றி நிற்பது, கண்டுகொள்வதைவிடக் கடினமானது போலும்.

மொழியைப் பற்றிச் சிறிது. இம்மடலின் ஆங்கிலம் பிழை மலிந்தது. எழுத்துப் பிழைகள் உண்டு. ஒருமை பன்மை மயக்கம் உண்டு. வியப்புக்குறிகள் தேவைக்கு மேல் மும்மூன்றாய் நிற்கின்றன. 1885ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள் ‘டெய்லி அல்டா கலிபோர்னியா’ என்னும் நாளேடு இதனைத் திருத்தாமல் அப்படியே அச்சிட்டது. வகுப்பறையில் இத்தகைய தாள் கைக்கு வந்தால் சிவப்பு மை தீர்ந்துபோகும். ஆனால் பிழைகள் எங்கே விழுகின்றன என்று பார்த்தால் ஒரு வியப்பு காத்திருக்கிறது. ‘என் பிள்ளைகளை’ என்று பன்மையில் தொடங்கும் வாக்கியம், ‘அவள் சீன மரபினள் என்பதற்காக’ என்று ஒருமையில் முடிகிறது. மேமிக்கு ஃபிராங்க் என்னும் தம்பியும் உண்டு. அவனையும் சேர்த்தே பன்மை. ஆனால் வாசலில் திருப்பி அனுப்பப்பட்டவள் மேமி. தாயின் மனக்கண் முன் நிற்பவள் அவள் ஒருத்தியே. பலர்பாலில் புறப்பட்ட தொடர் பெண்பாலில் போய் விழுகிறது.

தமிழ் இலக்கண மாணவர்க்கு இது புதிதன்று. மகிழ்ச்சியாலும் உயர்வாலும் சிறப்பாலும் வெகுளியாலும் இழிவாலும் திணையும் பாலும் மயங்கி வந்தால் அவற்றை வழு என்று தள்ளாமல் இயல்பென்று கொள்க என்பது நன்னூலார் வகுத்த நெறி. வழுவமைதி என்று அதற்குப் பெயர். மகனைத் தாய் ‘என் அம்மை வந்தாள்’ என்று கொஞ்சும் எடுத்துக்காட்டே பெரும்பாலும் சொல்லித் தரப்படுகிறது. வெகுளியால் வரும் வழுவமைதிக்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு தேடும் ஆசிரியர்க்கு மேரி டேப்பின் இத்தொடர் கைகொடுக்கும். ஆங்கில இலக்கணத்தில் இதற்கு இடமில்லாமல் இருக்கலாம். தமிழ் இலக்கணத்தில் இடமுண்டு. பிழையென்று ஒதுக்கப்பட வேண்டிய இடத்தில் உணர்ச்சியின் தடத்தைக் காணும் கண்ணைத் தமிழ் இலக்கண மரபு என்றோ கொடுத்துவிட்டது.

முன்னிலைப் பெயர்களின் போக்கும் கருதத்தக்கது. மடல் ‘ஐயன்மீர்’ என்று வாரியத்தார் அனைவரையும் விளித்துத் தொடங்குகிறது. பாதிக்கு மேல் சென்றபின் மோல்டரின் பெயர் வருகிறது; முதலில் படர்க்கையில். எட்டு வயதுக் குழந்தை மீது அவருக்கு ஏதோ வன்மம் இருப்பதாகத் தோன்றுகிறது என்று, அவர் அங்கே இல்லாதவர் போல் பிறரிடம் சொல்லப்படுகிறது. பின்னர் ஒரே திருப்பத்தில் அவரே முன்னிலையாகிறார். அதற்குப் பிறகு ‘ஐயன்மீர்’ மறைந்து ‘ஐயா’ நிற்கிறது. வாரியம் என்னும் முகமற்ற கூட்டத்தின் திரையை விலக்கி, அதன் பின்னால் நின்ற மனிதர் ஒருவரைக் கையைப் பிடித்து வெளியே இழுத்து நிறுத்திவிட்டார் மேரி. தீர்மானம் வாரியத்தினுடையது, சட்டம் சட்டமன்றத்தினுடையது, சான்றிதழ் கேட்டவர் தலைமையாசிரியை என்று பொறுப்பு பலர் தோள்களில் பங்கிடப்பட்டிருந்தது. ஒருவரும் தாம் செய்ததாக ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. அந்த வசதியை இந்த முன்னிலை மாற்றம் பறித்துவிடுகிறது.

மோல்டரை நோக்கிச் சொல்லப்படும் முதற் சொல் வாழ்த்தின் வடிவில் அமைந்துள்ளது. சிறுமி மேமியை நீர் துன்புறுத்தியது போல் நீர் என்றும் துன்புறுத்தப்படாதிருப்பீராக என்பது அதன் கருத்து. தொல்காப்பியர் செய்யுளியலில் அங்கதம், வாயுறை வாழ்த்து என இரண்டைச் சொல்வார். வசையை வெளிப்படையாகச் சொல்வது செம்பொருள் அங்கதம். மறைத்துச் சொல்வது பழிகரப்பு அங்கதம். வாயுறை வாழ்த்தோ வேம்பைப் போல் முதலில் கசந்து பின்னர் நன்மை தரும் சொல். மேரியின் இவ்வரியை எதில் சேர்ப்பது? சொல் வாழ்த்து, குறிப்பு வசை. அதனால் பழிகரப்பு என்று கூறத் தோன்றும். ஆனால் வசை மறைந்திருக்கவில்லை; துன்புறுத்தினீர் என்பது அதே தொடரில் வெளிப்படையாகக் கிடக்கிறது. இன்னொரு முறை படித்தால், அந்த வாழ்த்து மெய்யானதுதானோ என்னும் ஐயமும் எழுகிறது. இத்துன்பத்தை அறிந்தவர் பகைவர்க்கும் இதனை வேண்டமாட்டார். மூன்று வகையுள் ஒன்றில் அடக்க முடியாமல் நிற்பதே இவ்வரியின் ஆற்றல்.

வழக்குமன்றத்தில் வெற்றி பெற்ற பின்னரும் நீதி கிடைக்காத பெண் அதிகாரத்தின் முன் நின்று கேட்கும் காட்சியைப் படிக்கும் தமிழர்க்குச் சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதை நினைவுக்கு வராமல் இராது. கண்ணகியும் அயலூரிலிருந்து வாழ்வு தேடி வந்தவளே. அவளும் வாயிலில் நின்று சொல் தொடுத்தவளே. ஆயினும் இவ்வொப்புமையை நெடுந்தூரம் கொண்டு செல்லுதல் பொருந்தாது. பாண்டியன் முன் கண்ணகி வைத்தது சான்று. சிலம்பு உடைந்தது, மாணிக்கப் பரல் தெறித்தது, மன்னன் கண்டான், தன் பிழை உணர்ந்தான், உயிர் விட்டான். உண்மை வெளிப்பட்டால் அதிகாரம் தலைவணங்கும் என்னும் உலகம் அது. சான் பிரான்சிஸ்கோவில் உண்மை முன்பே வெளிப்பட்டுவிட்டது. இரண்டு நீதிமன்றங்கள் கண்டு சொல்லிவிட்டன. அதிகாரம் தலைவணங்கவில்லை; சட்டத்தை மாற்றிக்கொண்டது. பரலைக் கண்டபின் மன்னன் தட்டாரை அழைத்து, இனி எல்லாச் சிலம்பிலும் மாணிக்கமே இருந்ததாக எழுதிவைக்க ஆணையிட்டிருந்தால் கண்ணகி என்ன செய்திருப்பாள் என்று எண்ணிப் பார்த்தால், மேரி டேப் நின்ற இடம் விளங்கும். அவரிடம் எரிப்பதற்கு நகரம் இல்லை. இருந்தது ஒரு தாள்.

மடலின் உச்சியில் ஒரு சூளுரை உண்டு. நீங்கள் அமைக்கும் சீனப் பள்ளி எதிலும் மேமி டேப் ஒருபோதும் படிக்கமாட்டாள் என்று கூறி, ‘ஒருபோதும்’ என்னும் சொல்லைத் தனியே நிறுத்தி, அதன் பின் மூன்று வியப்புக்குறிகளை இடுகிறார். வரலாறு இதற்கு விடுத்த மறுமொழி கசப்பானது. ஏப்ரல் 13ஆம் நாள், ஜாக்சன் தெருவும் பவல் தெருவும் கூடும் இடத்தில் வாடகை அறைகளில் சீனத் தொடக்கப் பள்ளி திறக்கப்பட்டது. முதல் நாள் வந்த மாணவர் சிலருள் மேமியும் இருந்தாள், ஃபிராங்கும் இருந்தான். மடல் எழுதி ஐந்தே நாள் ஆகியிருந்தது. நாளேட்டில் மடல் வெளிவந்ததோ அதற்கும் மூன்று நாள் கழித்து. ‘ஒருபோதும்’ என்னும் சொல்லை நகர மக்கள் அச்சில் படித்தபோது அச்சொல் ஏற்கெனவே உடைந்திருந்தது.

இதனைச் சுட்டி மடலின் மதிப்பைக் குறைப்பார் உண்டாயின், அவர் பிள்ளை வளர்ப்பின் கணக்கை மறந்தவரே ஆவர். தலைவர் ஒருவர் சூளுரையைக் காக்க ஆண்டுக்கணக்கில் சிறையில் இருக்கலாம். அந்த ஆண்டுகள் அவருடையவை. தாய் ஒருத்தி சூளுரையைக் காத்தால் செலவாகும் ஆண்டுகள் பிள்ளையுடையவை. மேமிக்கு அப்போது எட்டு வயது முடிந்திருந்தது. செப்டம்பரிலிருந்து ஏப்ரல் வரை வழக்கில் கழிந்தாயிற்று. பள்ளிக்காக நடக்கும் போராட்டத்திற்கே உரிய இந்த முரணை, போராடுகின்ற பெற்றோர் அனைவரும் அறிவர்: நியாயம் கிடைக்கும்வரை காத்திருக்கலாம் என்று கொள்கை சொல்லும், காத்திருந்தால் வயது போய்விடும் என்று வீட்டிலிருக்கும் புத்தகப் பை சொல்லும். சூளுரையும் அதன் முறிவும் சேர்ந்தே இம்மடலின் முழு வடிவம்.

விளைவைக் கணக்கிட்டால் இன்னொரு முரண் தோன்றும். தம் மகளுக்காக மட்டும் கேட்டவர்க்கு அவர் கேட்டது கிடைக்கவில்லை. ஆனால் 1871ஆம் ஆண்டு முதல் பொதுப் பள்ளியே இல்லாதிருந்த சீனப் பிள்ளைகளுக்கு, ஒதுக்கப்பட்டதாயினும், ஒரு பள்ளி கிடைத்தது. அப்பள்ளியைத் திறக்க வேண்டிய நெருக்கடியை வாரியத்துக்கு உண்டாக்கியது இந்த வழக்கே. ஆயிரம் பேர் கையொப்பமிட்ட விண்ணப்பம் பெற்றுத் தராததை, தன் பிள்ளைக்காக மட்டும் வழக்காடிய ஒரு குடும்பம், தான் விரும்பாத வடிவில், தன் இனத்தார்க்குப் பெற்றுத் தந்தது. ஆகையால் முன்னர்க் கூறிய குறையைத் திருப்பிப் பெற்றுக்கொள்ள வேண்டியதில்லை. உடையைப் பற்றிய வரிகள் நெருடலானவைதாம். ஆனால் ‘என் பிள்ளை’ என்னும் வேட்கையைத் தன்னலம் என்று எளிதில் தள்ளிவிடுவோர் இவ்வரலாற்றைச் சற்று நின்று பார்க்கலாம்.

ஒதுக்கும் சட்டம் நெடுநாள் நீடித்தது. 1906ஆம் ஆண்டில் சப்பானிய, கொரியப் பிள்ளைகளையும் அதே பள்ளிக்கு அனுப்ப நகர வாரியம் ஆணையிட்டு, அது இரு அரசுகளுக்கிடையே பூசலாகவே மாறியது. மெக்சிக்கோவிலிருந்து குடியேறியவரான கொன்சாலோ மெண்டஸ் என்னும் தந்தையும் வேறு சில பெற்றோரும் தென் கலிபோர்னியாவில் தொடுத்த வழக்கு வென்றதையொட்டி, 1947ஆம் ஆண்டில்தான் அம்மாநிலச் சட்டப் புத்தகத்திலிருந்து அப்பிரிவு நீங்கியது. இடைப்பட்டவை அறுபத்திரண்டு ஆண்டுகள். மேரி டேப் 1934ஆம் ஆண்டிலேயே மறைந்துவிட்டார். ஓவியமும் ஒளிப்படமும் கற்றுப் பரிசு பெற்றவர், தந்திக் குறியீடும் பயின்றவர் என்பவை அவரைப் பற்றிக் கிடைக்கும் பிற செய்திகள். இந்த ஒரு மடலே அவர் பெயரை நிறுத்தியது.

அப்பெயரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மேரி என்பது அடைக்கல இல்லத்தில் தம்மை வளர்த்த பெண்மணியின் பெயரிலிருந்து பெற்றது. டேப் என்பது கணவரின் சீனப் பெயர் ஆங்கிலேயர் நாவுக்கு ஏற்பத் திரிந்தது. பெற்றோர் இட்ட பெயர் எந்தப் பதிவிலும் இல்லை. சீனராய்ப் பிறந்தது இழிவா என்று வினவும் மடலின் கீழ், சீனப் பெயர் ஒன்று கையொப்பமாக இல்லை; ‘திருமதி எம். டேப்’ என்றே இருக்கிறது. மேரி, மேமி ஆகிய இரு பெயர்க்கும் முதலெழுத்து அதுவே.